டேட்டா கீது

என் மகள் ரேஷ்மாவின் குரல் அவளுடைய லேப்டாப்பில் இருந்தது. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாள், ஆறாம் நாள் இல்லை. அவளுடைய போட்டோ நாலைந்து எங்கள் போனில் இருக்கின்றன. குரல் அந்த லேப்டாப்பில் மட்டும்தான். கம்பெனி இன்டர்வியூவுக்காக இங்கிலீஷில் தன்னைப் பற்றிப் பேசிப் பழகினாளே, அதை அவளே பதிந்து வைத்திருந்தாள். மூன்று நிமிஷம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் என் மனைவி கோமளாவும் அதைக் கேட்போம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை. கோமளா எங்கள் திருநின்றவூரிலேயே ஒரு பிளாட்டில் சமைக்கிறாள். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஒரே ஒரு இடம் மட்டும் எனக்குப் புரியும். "மை ஃபாதர் இஸ் எ லோடிங் சூப்பர்வைசர்" என்பாள். மூட்டை தூக்குகிறவனை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டாள் என் பெண். அந்த இடம் வரும்போது கோமளா என்னைப் பார்த்து, "வணக்கம் சார்" என்பாள்.

பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் அது. பட்டனை அமுக்கினால் பத்து நிமிஷம் ஆகும். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "உள்ள தல சீவிகினு கீறா, வந்துடுவா" என்று கோமளா சொல்வாள். நாங்கள் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டு காத்திருப்போம்.

போன சித்திரை மாதம் அதற்குள்ளிருந்து கடக் கடக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு நாள் பாதியில் நின்றே போனது. கோமளா அதை முந்தானையில் சுற்றி, தான் சமைக்கிற வீட்டுக்கு எடுத்துப் போனாள். அந்த வீட்டு ஸ்ரீராம் தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர். காதில் வைத்துக் கேட்டுவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். எழுதியதை என்னிடம் நீட்டி, அவர் சொன்னதை அவள் அப்படியே ஒப்பித்தாள்.

"ஆர்டு டிஸ்க்கு சாவப் போவுதாம்யா. அது முழுசா போறதுக்குள்ள எஸ்எஸ்டின்னு ஒண்ணு மாத்திடணுமாம். மாத்துனா சர்ருன்னு வருமாம். டேட்டா எடுத்துக்கணுமாம், அத மறக்கக் கூடாதாம்."

"டேட்டா இன்னாத்துக்கு? அதான் போன்ல போட்டுகினு கீறமே."

"அது இன்னாவோ. சொன்னாரு, சொல்லிட்டேன்."

எங்களுக்கு டேட்டா என்றால் போனுக்குப் போடுகிற நெட்டு. தினம் ஒன்றரை ஜிபி. அதையே நாங்கள் தீர்ப்பதில்லை.

சனிக்கிழமை வேலை விட்டு லேப்டாப்போடு வரும்போது ஆவடியில் இறங்கினேன். மார்க்கெட் பக்கம் யூசுப் பாய் கடை. நல்ல மனுஷன் என்று எஸ்டேட்டில் சொல்லியிருந்தார்கள். ஒரே கூட்டம். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். சீட்டைப் பார்த்துவிட்டு, கண்ணாடி மேஜை மேல் மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்துப் போட்டார்.

"இது வெல கம்மி, பேர் தெரியாத ஐட்டம். இது எரநூத்தி அம்பத்தாறு ஜிபி, மூணு வருசம் வாரண்டி. இது ஐநூத்திப் பன்னெண்டு, அஞ்சு வருசம். உன் மெசினுக்கு நடு ஐட்டமே போதும் அண்ணாத்தே."

ஒன்றைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். ஐம்பது கிலோ மூட்டைக்குப் பழகின கை. அதில் ஏதோ வைத்திருக்கிறார் என்றே தெரியவில்லை.

"இன்னா பாய், உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது?"

"அதான் விசயமே. பழசுல தட்டு சுத்தும், மேல ஊசி ஓடும். அந்த ஊசி தட்டுறதுதான் உனக்குக் கேக்குற சத்தம். இதுல சுத்தறது ஒண்ணும் கெடயாது. கீழ போட்டாக்கூட ஒண்ணும் ஆவாது."

"எது ரொம்ப நாள் வரும்?"

"அஞ்சு வருசம் வாரண்டின்னு சொன்னனே, அது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீ கீறியோ நான் கீறனோ! கல்யாணத்துக்கு மாப்ள பாக்கற மாதிரி கேக்கறியே." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ஐம்பத்து மூன்று. கோமளாவுக்கு ஐம்பது. எங்கள் இரண்டு பேருக்கும் கடைசிவரை வர வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அதைக் கடையில் எப்படிச் சொல்வது?

பெரியதையே எடுத்தேன். கையில் இருந்தது போதவில்லை. "பழச குடுத்துட்டுப் போ, எக்ஸ்சேஞ்சுல கழிச்சிக்கறேன்" என்றார் பாய். வண்டிக்குப் பேட்டரி மாற்றினால் பழைய பேட்டரியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அது மாதிரிதான் என்று நினைத்தேன். சாகப் போகிற சாமான், அதை வீட்டில் வைத்து என்ன செய்வது?

லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"டேட்டா?"

"கீது பாய்."

"கீதா? நல்லா பாத்துக்கோ."

"நெறைய கீது பாய். வேணாம்."

ஒரு சீட்டை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். கீழே கோடு போட்ட இடத்தைக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்து" என்றார். நாற்பத்திரண்டு வயது வரை நான் கைநாட்டு. அப்புறம் யூனியன் ஆபீசில் சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். யாராவது கையெழுத்துப் போடச் சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். சம்பந்தம் என்று என் பெயரை, மூன்று புள்ளியும் சரியாக வைத்துப் போட்டேன்.

மறுநாள் எனக்கு ஓவர்டைம். கோமளா தனியாகத் திறக்க மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் அடுத்த ஞாயிறு வரை அது துணியில் சுற்றியே இருந்தது.

எட்டாம் நாள் காலை, டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பட்டனை அமுக்கினேன். கோமளா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் திரை வந்துவிட்டது. நீலமாக ஒரு படம். எங்கேயோ ஒரு மலை, தண்ணீர்.

"ஐய, இன்னா வேகம்!" என்றாள். அப்புறம், "ரேஷ்மா எங்க?" என்றாள்.

அவள் பெயர் போட்ட மஞ்சள் கவர் மாதிரி ஒன்று திரையின் ஓரத்தில் இருக்கும். அது இல்லை. அவள் சிரிக்கிற போட்டோ பின்னால் இருக்கும். அதுவும் இல்லை. கோமளா விரலால் அந்த ஓரத்தையே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "வேற மெசின மாத்திக் குடுத்துட்டானா?" என்றாள். திருப்பிப் பார்த்தேன். ரேஷ்மா ஒட்டின மயில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

ஸ்ரீராம் தம்பியைப் போய்க் கூட்டி வந்தேன். அரை மணி நேரம் தேடினார். அப்புறம் கேட்டார்.

"அண்ணா, பழைய டிஸ்க் எங்கே?"

"கடையிலயே குடுத்துட்டேன் தம்பி. எக்ஸ்சேஞ்சு."

கோமளா அவர் முகத்தையே பார்த்தாள்.

"டேட்டா எடுத்துக்கச் சொன்னேனே அக்கா" என்றார் மெதுவாக. "டேட்டான்னா நெட் இல்லை. உள்ளே இருக்கிற எல்லாம்தான் டேட்டா. போட்டோ, பாட்டு, அவங்க பேசினது. எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. மத்ததெல்லாம் வெறும் பெட்டி."

கோமளா எழுந்து உள்ளே போனாள். அழுகிற சத்தம் வரும் என்று பார்த்தேன். பாத்திரம் தேய்க்கிற சத்தம்தான் வந்தது. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, பாய் கடை திறக்கும் முன்னால் போய் ஷட்டர் ஓரம் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையெழுத்துப் போட்ட சீட்டை எடுத்தார். பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். காட்டவில்லை.

"கீதுன்னியே அண்ணாத்தே. நீ காப்பி எடுத்து வெச்சிகினு கீறேன்னு நெனச்சிக்கினனே."

"நான் நெட்ட சொன்னேன் பாய்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த டிஸ்க்கில் இருந்ததை அழித்து, ரிப்பேரையும் பார்த்து, நான் கொடுத்த அன்று ராத்திரியே அண்ணனூரில் ஒரு மளிகைக்கடையின் கேமரா படம் பதிகிற பெட்டிக்குள் போட்டுவிட்டாராம். என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு உடனே அங்கே போனார்.

கடைக்காரர் ஜெயராமன் கல்லாவுக்குப் பின்னால் இருந்த டி.வி.யைக் காட்டினார். நாலு கட்டத்தில் நாலு படம். அரிசி மூட்டை ஓரம், வாசல், எண்ணெய் டின், கல்லா. வாசல் கட்டத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் மகள் இருந்த இடத்தின் மேல் அந்த நிமிஷம் நான் பதிவாகிக்கொண்டிருந்தேன். அது தெரிந்ததும் வாசலைவிட்டு ஓடிப்போய் ரோட்டில் நின்றுகொண்டேன்.

"கழட்டிக்குங்க பாய், எடுத்துகினு போங்க. அவுரு பொண்ணு கொரலாமே, கடைய எவன் திருடினா எனக்கு இன்னா" என்றார் ஜெயராமன்.

பாய் இரண்டு நாள் வைத்திருந்து ஏதேதோ போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் போன் செய்தார். நாலு கேமரா எட்டு நாள் எழுதியதில் அது நிரம்பி, எழுதினதன் மேலேயே திரும்ப எழுதிவிட்டதாம். தோண்டத் தோண்ட மளிகைக்கடைதான் வருகிறதாம். ஒரு பொம்பளை பருப்பு வாங்குகிறாள், அதுதான் வருகிறது என்றார். அப்புறம், "மன்னிச்சிக்கோ அண்ணாத்தே" என்றார். அவர் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கோமளா அந்த மூன்று நாளும் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தட்டை எடுத்தாள். பாய் சொன்னதைச் சொன்னபோதும் தலையை மட்டும் ஆட்டினாள்.

வியாழக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலை மறித்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு போவாத. நோட்டு எடு. பேனா எடு."

"இன்னாத்துக்கு?"

"எனக்கு எழுதத் தெரியாது. உனக்குத் தெரியும் இல்ல? அதான் ஊரெல்லாம் கையெழுத்துப் போட்டுகினு வர்றியே. எழுது. அவ பேசினத நான் சொல்றேன். மறந்து போறதுக்குள்ள எழுது."

நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். நான் தமிழ் எழுத்தில் எழுதினேன். குட் மார்னிங் சார். மை நேம் இஸ் ரேஷ்மா. ஐயாம் ஃப்ரம் திருநின்றவூர்.

"ஃப்ரம் இல்லய்யா. அவ அப்டி சொல்ல மாட்டா. ஃபெரம்."

அடித்துவிட்டு ஃபெரம் என்று எழுதினேன். மை ஃபாதர் இஸ் எ லோடிங் சூப்பர்வைசர். இந்த முறை அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அதுக்கப்புறம் குக்கர் விசில் வரும்" என்றாள்.

"அத எப்டி எழுதறது?"

"குக்கர்னு எழுதேன். 'யம்மா, குக்கர நிறுத்து, ரெகார்டு ஆவுது'ன்னு கத்துவா. சிரிச்சிடுவா. அதையும் எழுது."

எழுதினேன். தமிழாக இருந்ததால் அது மட்டும் வேகமாக வந்தது. அடுத்த வரி எனக்கே நினைவு இருந்தது. மை ஸ்ட்ரென்த் இஸ். அதை எழுதிவிட்டு நிறுத்தினேன்.

"இஸ்?" என்றேன்.

"நீட்டா ஒரு வார்த்த வரும். கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு சொல்லுவா."

"இன்னா வார்த்த?"

"ஷன்னு முடியும்."

"எல்லாமே ஷன்னுதான் முடியுது கோமளா. ஸ்டேஷன், ரேஷன்."

"அது இல்லய்யா." அவள் உதட்டை அசைத்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. மூச்சை மட்டும் ரேஷ்மா மாதிரியே இழுத்தாள். அவ்வளவும் சரியாக வந்தது, வார்த்தை வரவில்லை. திரும்ப இழுத்தாள்.

நான் பேனாவை நோட்டில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.