கொல்லிமலைச் சமாதானம்

பானுமதிக்குக் கல்யாணமாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த வேனில் உட்கார்ந்திருந்த பதினேழு பேரில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவர் கடைசி வரிசையில், கூட வேலை பார்க்கிற தர்மராஜின் தோளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்தாறு. பெயர் ஆதிநாராயணன். விருத்தாசலத்தில் பீங்கான் விளக்கும் பொம்மையும் செய்கிற கம்பெனி ஒன்றில் சூளை அவர் பொறுப்பு. அதே கம்பெனியில் பெயிண்டிங் பிரிவில் பானுமதி. அவளுக்கு ஐம்பத்தொன்று. தம்பியையும் இரண்டு தங்கைகளையும் கரையேற்றி முடித்து நிமிர்ந்தபோது, அவள் கல்யாணத்தைப் பற்றிப் பேச வீட்டில் யாருமே மிச்சமில்லை. அவருக்கு மனைவி தவறி ஒன்பது வருஷம். கடைசியில் பேச்சை எடுத்தவள் பெங்களூரில் வேலை பார்க்கிற அவர் மகள் சிவசங்கரிதான். "மொதல்ல ரிஜிஸ்தர் பண்ணிக்குங்கப்பா. பொங்கலுக்கு நான் வந்து சொந்தக்காரங்ககிட்டப் பக்குவமா சொல்லிக்கறேன். தாலி, சாப்பாடு எல்லாம் அப்ப வச்சிக்கலாம். அதுவரைக்கும் மூச்சு வுடாதீங்க" என்று சொல்லியிருந்தாள்.

பதிவு அலுவலகத்து நோட்டீஸ் பலகையில் இருவர் பெயரும் ஒரு மாதம் ஒட்டியிருந்தது. பாதி ஊர் வந்துபோகிற இடம். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. வியாழக்கிழமை, திட்டக்குடியிலிருந்து வந்த அவருடைய மூன்று நண்பர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். எதிர்க்கடையில் எல்லோரும் டீ குடித்தார்கள். பிறகு அவள் பெரியார் நகரில் தன் வீட்டுக்குப் போனாள், அவர் பூதாமூரில் தன் வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை விடிந்ததும் கம்பெனி வேன் கொல்லிமலைக்குக் கிளம்பிவிட்டது. கார்த்திகை விளக்கு வேலை ஓய்ந்ததும் வருஷா வருஷம் எங்காவது கோயிலும் அருவியுமாகப் போய்வருவது அங்கே வழக்கம்.

பானுமதிக்கு இருந்த சிக்கல் ஒன்றே ஒன்றுதான். கம்பெனியில் பெண்கள் எல்லோரும் அவரை 'ஆதி அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருஷமாக அவளும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். கையெழுத்துப் போட்ட பிறகு அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டி வர மறுத்தது. வேப்பூரில் டீக்கு நிறுத்தியபோது அவர் டம்ளரை அவரிடம் நீட்டி, "இந்தாங்க" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆத்தூரில் அவர் துண்டு கீழே விழுந்தபோது, "துண்டு விழுந்துடிச்சி" என்று பொதுவாக ஊருக்கே அறிவித்தாள்.

பக்கத்து சீட்டு ரீட்டாவுக்கு இது போதாதா. ரீட்டாவும் பெயிண்டிங் பிரிவுதான், நாற்பத்தைந்து வயது, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையைத் தவிர வேறெங்கும் வாயை மூடிப் பழக்கமில்லாதவள்.

"என்னாக்கா, ஆதி அண்ணன்கூட சண்டையா?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லாதீங்க. காலையிலேர்ந்து பாக்கறேன். அவரு மூஞ்சையே நீங்க பாக்கல. அவரும் ஜன்னலையே மொறச்சிக்கினு வராரு. டூரு வர எடத்துல இப்படி மொகத்தைத் தூக்கி வச்சிகிட்டா நல்லாவா இருக்குது?"

பானுமதி பதில் யோசிப்பதற்குள் ரீட்டா எழுந்துவிட்டாள். மலையடிவாரத்தில் காரவள்ளியில் வேன் நின்றதும் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் ஆதிநாராயணனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பானுமதியை ஜன்னலோரம் தள்ளி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தான் முன்சீட்டில் திரும்பி மண்டிபோட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மொத்தம் எழுபது வளைவு இருக்குது. மேல போறதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி முடிச்சிடணும்" என்றாள், பஞ்சாயத்துத் தலைவி மாதிரி.

"நான் என்னா தப்பு பண்ணன்?" என்றார் ஆதிநாராயணன். குரலில் அப்படியொரு அப்பாவித்தனம்.

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. வேன் இடப்பக்கம் திரும்ப, பானுமதி வழுக்கிக்கொண்டு போய் அவர் தோளில் மோதினாள். இரண்டாவது வளைவில் அவர் வந்து இவள்மேல் சாய்ந்தார். மூன்றாவதில் மறுபடி இவள். டிரைவர் ஜெரோம் மலை ஏறுவதில் கை தேர்ந்தவன், வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கைக் கரகரவென்று சுற்றினான். கீழே சமவெளி தட்டில் வைத்த மாதிரி விரிந்துகொண்டே போனது. பானுமதி முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வளைவினாலா, பக்கத்தில் இருந்தவராலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"மன்னிப்பு கேளுங்கண்ணே" என்றாள் ரீட்டா.

"மன்னிச்சிடுங்க பானுமதி."

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டாள் பானுமதி.

"எதுக்கோ. நீங்களே ஒண்ணு வச்சிக்குங்க."

அவ்வளவுதான். பன்னிரண்டாவது வளைவில் அவளுக்குப் பிடித்த சிரிப்பு இருபதாவது வளைவு வரை நிற்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க வேன் திரும்பியது, திரும்பத் திரும்பச் சிரிப்பு வந்தது. ரீட்டா பெருமையோடு பின்னால் பார்த்து, "பேச வச்சிட்டேன் பாருங்க" என்றாள். தர்மராஜ் கைதட்டினார்.

மீதி வளைவுகளில் அவர் மிளகுக் கொடியைக் காட்டுவது போல ஜன்னல் பக்கம் குனிந்து, ரீட்டாவுக்குக் கேட்காதபடி காதோரமாகப் பேசிக்கொண்டே வந்தார். "கல்யாணம் ஆன ரெண்டாம் நாளே இப்படி ஒட்டி உக்கார வச்சி மலைக்குக் கூட்டிட்டு வந்திருக்குது பாருங்க, ரீட்டாவுக்கு ஒரு பொடவை எடுத்துக் குடுக்கணும்" என்றார். அவள் மறுபடியும் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பெரியகோவிலூரில் இறங்கினார்கள். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருவியில் குளித்துவிட்டுப் போகலாம் என்று முடிவானது. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும். செங்குத்தான படிகள், மேலே இருந்து பார்த்தால் இலைகளுக்குள் போய் மறைந்துவிடும். பாதி வழியிலேயே இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் காற்றே ஈரமானது. கடைசித் திருப்பத்தில் அருவி தெரிந்தது. பாறைச் சுவரின் உச்சியிலிருந்து அது விழவில்லை, பறந்துகொண்டிருந்தது. வெள்ளையாக, புகையாக, மேலே மேலே வந்து முகத்தில் அறைந்தது.

பானுமதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "இத வச்சிருங்க" என்றாள் வானத்தைப் பார்த்து. பிறகு ரீட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனாள்.

முதல் அடியில் மூச்சே நின்றது. மார்கழிக் குளிர் அத்தனையும் மொத்தமாக முதுகில் வந்து விழுந்தது. அடுத்த அடியில் கத்தினாள். மூன்றாவதற்குப் பிறகு என்ன செய்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. ரீட்டாவும் அவளும் கட்டிக்கொண்டு குதித்தார்கள் என்று பின்னால் மற்றவர்கள் சொன்னார்கள். பதினொரு வருஷமாகக் குனிந்து உட்கார்ந்து விளக்குகளுக்குப் பூ வரைந்த முதுகு அது. தண்ணீர் அதைத் தட்டித் தட்டி எங்கோ கிடந்த சிரிப்பையெல்லாம் வெளியே எடுத்தது.

வெளியே வந்தபோது அவளுக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு நாலடி தூரத்து ஆளும் வெறும் நிறம்தான். பாறை மேலெல்லாம் வேட்டியும் துண்டுமாக நிறங்கள் நின்றன. இதில் அவர் எது? படி வழுக்கியது, இரைச்சலில் காது அடைத்தது, குளிரில் பல் தந்தியடித்தது. பழைய வார்த்தை வாய்வரை வந்து திரும்பிப் போனது. அந்த இடத்தில் வேறொன்று தானாக வந்து உட்கார்ந்தது.

"என்னங்க" என்று முழுத்தொண்டையில் கூப்பிட்டாள்.

பாறை மேல் இருபது ஆம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நிறம் மட்டும் அவசரமாக அவளை நோக்கி வந்தது. "இதோ வந்துட்டம்மா, அசையாத, வழுக்கும்" என்றது. கண்ணாடியைத் துண்டில் துடைத்து அவள் முகத்தில் மாட்டிவிட்டது.

உலகம் தெளிவானது. அதில் முதலில் தெரிந்தது ரீட்டாவின் முகம். பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வாயைத் திறந்தபடி.

"எவ்ளோ நாளா?" என்றாள் ரீட்டா.

"வியாழக்கிழமையிலேர்ந்து" என்றாள் பானுமதி.

"என்னாது, லவ்வா?"

"கல்யாணம். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல."

ரீட்டா அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் உங்களுக்கு சமாதானம் பண்ணி வச்சன்" என்றாள் மெதுவாக. "எழுபது வளைவும் மண்டி போட்டுக்கினு. முட்டி வீங்கிப் போச்சி."

"கோவிச்சிக்காத ரீட்டா" என்றார் அவர்.

"மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல உங்க ரெண்டு பேரு மேலயும் சாமிகிட்டப் பிராது எழுதிக் கட்டறேனா இல்லையா பாருங்க."

"ஞாயித்துக்கிழமையானா பூசைக்குப் போறவ, அங்க போயி பிராது கட்டுவியா?" என்றாள் பானுமதி.

"அவரு நியாயம் கேக்கறவருக்கா. சர்ட்டிபிகேட்டா கேக்கப் போறாரு?" என்றவளுக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து ஈரத்தோடு பானுமதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

பொங்கல் வரைக்கும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று பானுமதி கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். ரீட்டாவும் கொடுத்தாள், மனசாரத்தான் கொடுத்தாள். ஆயிரம் படியையும் ஒரு வார்த்தை பேசாமல் ஏறினாள். நூறு படிக்கு ஒருதரம் உட்கார்ந்து இருவரையும் பார்ப்பாள், முகம் சிவக்கும், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

"என்னா ரீட்டா, சத்தத்தையே காணும், மூச்சு வாங்குதா?" என்றார் தர்மராஜ். வாயைத் திறந்தால் ஆபத்து என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

உடை மாற்றிக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். கல் மண்டபம் குளுகுளுவென்று இருந்தது. எல்லோருக்குமாகச் சேர்த்து ரீட்டாதான் அர்ச்சனைத் தட்டு வாங்கி வந்தாள். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்று கேட்டார்.

ரீட்டா வாயைத் திறந்தாள். ஆயிரம் படியாக அடக்கி வைத்தது அங்கே நிற்கவில்லை.

"ஆதிநாராயணன், பானுமதி."

"நட்சத்திரம்?"

"அது தெரியாதுங்க சாமி. வியாழக்கிழமைதான் கல்யாணம் ஆச்சி."

கல் மண்டபத்தில் மெதுவாகப் பேசினாலே நாலு பக்கமும் கேட்கும். ரீட்டா மெதுவாகவும் பேசவில்லை. தர்மராஜ் கையிலிருந்த தேங்காய் நழுவித் தரையில் உருண்டது. பதினாலு தலைகள் திரும்பின.

"சாமி கேட்டா எப்படிக்கா பொய் சொல்றது?" என்றாள் ரீட்டா, அழுதுவிடுவாள் போல.

பானுமதி தரையைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு எல்லோரையும் பார்த்து, "ஆமாங்க" என்றார். தர்மராஜ் நேராகப் போய் மண்டபத்து மணிக்கயிற்றைப் பிடித்து விடாமல் அடிக்கத் தொடங்கினார். யாரோ அழுதார்கள், யாரோ ஆதிநாராயணனின் முதுகில் ஓங்கித் தட்டினார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குருக்கள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சாமி மாலை இரண்டை எடுத்து வந்து கொடுத்து, "மாத்திக்கோங்க, நல்லா இருங்க" என்றார். மாலையை அவர் கழுத்தில் போடும்போது பானுமதிக்குச் சிரிப்பு வந்தது. மாலை ஒரு பக்கம் அவர் காதில் மாட்டிக்கொண்டது.

மலை இறங்கி அவர் போனில் சிக்னல் வந்ததும் சிவசங்கரியின் அழைப்பும் வந்தது.

"அப்பா, தர்மராஜ் மாமா ஸ்டேட்டஸ்ல நீங்க மாலையும் கழுத்துமா நிக்கிறீங்க. கருவேப்பிலங்குறிச்சி அத்தை மூணு தடவை போன் பண்ணிட்டாங்க."

"கோவமாம்மா?" என்றார் அவர் பயந்துகொண்டு.

"ஆமா, பந்தி எப்பன்னு கேட்டுக் கோவம். போனை அவங்ககிட்டக் குடுங்க." பானுமதி வாங்கிக் காதில் வைத்தாள். "ஆன்ட்டி, ஹனிமூனுக்குப் பதினஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டா போவாங்க?" என்று சிவசங்கரி கேட்டாள். பானுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் இன்னிக்கே ரயில் ஏறி வரேன், காலையில வூட்ல பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

"வூட்டைப் பெருக்கி நாலு நாளாவுது" என்றார் ஆதிநாராயணன் கவலையாக.

சாயங்காலம் ஆத்தூரில் பரோட்டா கடை முன்னால் வேன் நின்றது. ஜெரோம் யார் யாரை எங்கே இறக்குவது என்று வரிசை போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் விஷயம் தெரியும், ஆனாலும் கேட்டான்.

"பானுக்கா, உங்கள எங்க எறக்கி வுடணும்?"

பானுமதி வாயைத் திறப்பதற்குள் பதினைந்து பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

"பூதாமூர்."