சேதாரப் பெட்டி

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, எங்கள் மகள் சில்லு, மனைவியின் தம்பி. மனைவி என்று சொல்வது பழக்கதோஷம். அவள் சில்லுவைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. தம்பி கார் சாவியை விரலில் சுற்றியபடி வாசலிலேயே நின்றான். உள்ளே வந்தால் உட்காரச் சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

வந்த காரியம் ஒன்றுதான். இனி வாராவாரம் சனி, ஞாயிறு சில்லு என்னோடு தங்குவாளா, மாட்டாளா. போன வாரம் மனைவி போனில் சொல்லியிருந்தாள்.

"அந்த ரூம்ல குழந்தை எங்க படுக்கும்? கால் வச்ச இடமெல்லாம் பொம்மை குத்துது. முதல்ல அதை ஒழுங்கு பண்ணுங்க. வந்து பாக்கறோம். அவளுக்குப் பிடிச்சா இருக்கட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன்."

ஒழுங்கு பண்ணுவது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. படிப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். வருகிற சரக்கைப் பிரித்து ரேக்கில் அடுக்க வேண்டும். ஒரே வகைச் சரக்கு ஒரே இடத்தில். அடிக்கடி போகிறது கைக்கெட்டும் உயரத்தில். உடைந்தது, ஜோடி தப்பியது, எதனோடு சேர்ந்தது என்று தெரியாதது எல்லாம் சேதாரப் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியை யாரும் இன்னொரு முறை திறந்து பார்ப்பதில்லை. லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

அன்று காலை ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் அந்த அறையில் உட்கார்ந்தேன். சில்லு போன நாளில் விட்டபடியே எல்லாம் கிடந்தது. துணி யானையின் முதுகில் ஒரு பொம்மைக் கரண்டியை ரிப்பனால் கட்டியிருந்தாள். ஷூ டப்பாவில் தலையில்லாத பொம்மையும் சில கிரேயான்களும் ஒரே கைக்குட்டையைப் போர்த்திப் படுத்திருந்தன. பொம்மை பஸ்ஸுக்குள் சட்டைப் பொத்தான்கள். டப்பா ஓரத்தில் ஏதோ பாட்டிலின் நீல மூடி. ரிப்பனை அவிழ்த்தேன். கைக்குட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். எல்லாவற்றையும் பிரித்தேன்.

கிடங்கில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் கூடைகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். மிருகங்கள் ஒன்றில், வண்டிகள் ஒன்றில், சமையல் சாமான் ஒன்றில். சில்லுவுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதால் கூடைகளில் படம் வரைந்து ஒட்டினேன். என் யானை பன்றி மாதிரி வந்தது. மிச்சத்தைக் கட்டிக் கீழே வைத்தேன். நான் குளித்து வருவதற்குள் குப்பை வண்டி வந்து போயிருந்தது.

அறைக்குள் வந்த மனைவி அலமாரியை விரலால் தடவிப் பார்த்தாள். மெத்தையை அமுக்கிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே. ஷிப்ட்?"

"சனி, ஞாயிறு லீவு மாத்தி வாங்கிட்டேன்."

"நீங்களா கேட்டீங்க?"

"நானேதான்."

"மச்சான், அசத்திட்டீங்க" என்றான் தம்பி வாசலில் இருந்து. "பில் போடற மெஷின் ஒண்ணுதான் குறை."

"நீ வாயை மூடிட்டு நில்லு" என்றாள் அவள். ஆனால் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் கவனித்தேன். அவ்வளவுதான்.

சில்லு அறை வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தொடலாமாப்பா?"

"உன்னோடதுதானேம்மா."

உள்ளே போய்க் கூடை கூடையாக எட்டிப் பார்த்தாள். யானையை எடுத்து முதுகைத் தடவினாள்.

"இதோட பாப்பா எங்க?"

"கரண்டியா? அது சமையல் கூடையில இருக்கு."

"கரண்டி இல்ல. பாப்பா. அது ஏன் தனியாப் போச்சு?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். சில்லு அதை யானையோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுபடி ஒவ்வொரு கூடையாகத் தேடினாள்.

"டாக்டர் எங்கப்பா?"

"டாக்டர் பொம்மை எதுவும் இல்லையேம்மா."

"இருந்தாரு. ஆஸ்பத்திரி பக்கத்துல நிப்பாரு. நீலமா."

ஷூ டப்பாதான் ஆஸ்பத்திரி. நீல மூடியோடு டப்பாவும் போயிருந்தது.

"குப்பையில போட்டுட்டேன்" என்றேன்.

"ஒரு பொய் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று மனைவி பல்லைக் கடித்தாள். பிறகு குரலைத் தணித்து, "கிச்சன்ல வேற மூடி இருக்கும், பாருங்க" என்றாள்.

தண்ணீர் பாட்டிலின் மூடி நீலம்தான். துடைத்துக் கொண்டுவந்து சில்லுவின் கையில் வைத்தேன். அவள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. சேருமா என்று உண்மையாகவே பார்த்தாள்.

"இது டாக்டர் இல்லப்பா" என்று பொறுமையாகச் சொன்னாள். "இது மூடி."

வாசலில் சாவிக்கொத்தின் சத்தம் நின்றிருந்தது. மனைவி அவளருகே குனிந்தாள்.

"அப்பாவோட இன்னைக்கு இருக்கியாடா? புது மெத்தை பாரு. நாளைக்கு அம்மா வந்துடுவேன்."

சில்லு மெத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ராத்திரி யானைக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னா?"

"அப்பா பாத்துக்குவேன்" என்றேன்.

"உனக்குத் தெரியாதுப்பா." குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. "அம்மா ஆபீஸ்ல டாக்டர் இருக்காரு. அங்க கூட்டிட்டுப் போறேன்."

"அவர் பல் டாக்டருடி" என்றான் தம்பி.

"யானைக்கும் பல் இருக்கு மாமா."

அவன் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு தரையைப் பார்த்தான். என் முகத்தில் அப்படி என்ன இருந்ததோ. உள்ளே ஒன்றும் இல்லை. தூக்கமில்லாததால் இருக்கலாம்.

"அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள் மனைவி. செருப்பை மாட்டும்போது இன்னொரு முறை சொன்னாள். "பாக்கலாம், என்ன? அவளா வரணும்."

"சரி."

சில்லு தண்ணீர் பாட்டில் மூடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். யானையையும் கரண்டியையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். கார் கதவு சாத்துகிற சத்தம் வரும்வரை நின்றேன். பிறகு மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினேன்.