கயிற்றுக்கு அப்பால் கொழும்பு

கொழும்புக்கு ஒருவன்தான் போகலாம். ஓட்டம் பழக்குகிற முத்தலிபு மாஸ்ரர் அதைச் சொன்ன நாளிலிருந்து யாக்கோபுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. கற்பிட்டிக் கல்லூரியில் ‘குறொஸ் கன்றி’ என்றொரு புது வியாதி பரவியிருந்தது. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற ஓட்டமல்ல இது. மணலோ சேறோ, வெங்காயத் தோட்டத்து வரப்போ, எது வந்தாலும் அதன் மேலேயே ஆறு மைல் ஓட வேண்டும். அணிக்கு ஐந்து பேர். ஐவரும் வந்து சேர்ந்த இடங்களைக் கூட்டிப் பார்த்தால் எந்தக் கல்லூரியின் தொகை குறைவோ, கேடயம் அதற்கு. பருவத்தில் மூன்று ஓட்டங்கள். புத்தளத்தில் ஒன்று, சிலாபத்தில் ஒன்று, கடைசி ஓட்டம் கற்பிட்டிக் கரையில். மூன்றிலும் சேர்த்து முன்னுக்கு நிற்கிற பையன் கொழும்பில் நடக்கும் அகில இலங்கை ஓட்டத்துக்குப் போவான்.

“ஒருத்தன். விளங்குதா? ஒரே ஒருத்தன்,” என்று மாஸ்ரர் சுட்டுவிரலை ஆகாயத்துக்குக் காட்டினார்.

அணியின் கோமாளியான சாள்ஸ், “அப்ப நாங்க மிச்சப் பேர் என்னத்துக்கு சேர்?” என்றான்.

“நீ கேடயத்துக்கு ஓடு. ஓடாட்டி உன்ர முதுகுக்கு நான் பொறுப்பில்லை!”

ஒருவன் என்றால் அது யாக்கோபு, அல்லது சரீப். கல்லூரி முழுவதற்கும் இது தெரியும். யாக்கோபு, ஆலங்குடாவில் சொந்தமாகக் கரைவலை வைத்திருக்கிற சம்மாட்டி அன்ரனிப்பிள்ளையின் மூன்றாவது மகன். கால் புதையும் மணலில் அவனைப் பிடிக்க ஆளில்லை. சரீப், கற்பிட்டி மீன் வியாபாரி மீராசாஹிபின் மகன். கொக்குக்கால். தரை இறுகிவிட்டால் பறப்பான். அன்ரனிப்பிள்ளையின் வலையில் விழுகிற மீனெல்லாம் மீராசாஹிபின் வாடிக்குத்தான், அவருடைய மீன் கொட்டகைக்குத்தான், போகும். பையன்களும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் உட்கார ஒரே வாங்கு, பாதிப் பாதியாய் ஒரே பாண்.

ஆனால் பாணைப் பிய்க்கலாம், கொழும்பைப் பிய்க்க முடியுமா?

அங்கே நன்றாக ஓடுகிறவனைப் பெரிய கல்லூரிகள் கொத்திக்கொண்டு போகுமாம். போகாதவனுக்கு என்ன கதி என்பதை அன்ரனிப்பிள்ளை ஏற்கெனவே சொல்லிவிட்டார்: “இந்த வருஷத்தோட படிப்புக் காணும். அண்ணன்மாரோட வலைக்கு வா.” இடப்பக்கம் கடல், வலப்பக்கம் களப்பு, நடுவில் ஒரு கீற்று மணல். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் வந்து வழிமறிக்கிற அந்த ஊரில் யாக்கோபுக்கு மூச்சு முட்டியது. வகுப்பிலும் கோயிலிலும்கூட அவன் கால்கள் சும்மா இருக்கவில்லை, மேசைக்கடியில் தாளம் போட்டுக்கொண்டேயிருந்தன.

பயிற்சி கடற்கரையில். அங்கேதான் மாஸ்ரருக்கு முதல் தலையிடி. வாடைக்காலம், கடல் அமைதி, கரை நெடுகக் கரைவலை. கடலுக்குள் வளைத்த வலையின் கயிறு கரைக்கு வரும், பத்துப் பதினைந்து பேர் அம்பா பாடிக்கொண்டு அதை இழுப்பார்கள். கயிறு ஏறியிருக்கும்போது அதை ஒருவரும் தாண்டக் கூடாது. தாண்டினால் மீன் வலையின் மடியை விட்டுப் போய்விடும் என்பார்கள். அவசரமாக அந்தப் பக்கம் போக வேண்டியவன் கயிற்றைப் பிடித்து, பாட்டோடு சேர்ந்து ஒரு இழுவை இழுக்க வேண்டும். பிறகு இழுக்கிறவர்களே கயிற்றை உயர்த்துவார்கள், அவன் குனிந்து போகலாம். ஊர் வழக்கம் அது. கத்தோலிக்கனுக்கும் முஸ்லிமுக்கும் ஒன்றுதான்.

சைக்கிளில் பின்னால் வந்த மாஸ்ரர் பார்த்தபோது ஐந்து பேரும் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“டேய்! ஓட வந்தீங்களா, மீன் பிடிக்க வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்தான் சேர். கறிக்கும் ஆச்சு,” என்றான் சாள்ஸ்.

மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த மாஸ்ரர், தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளைத் தூக்கிக் கயிற்றைத் தாண்டப் பார்த்தார். இழுத்துக்கொண்டிருந்த பதினைந்து பேரும் ஒரே குரலில் போட்ட சத்தத்தில் அவருடைய தொப்பி மணலில் விழுந்தது. அதற்குப் பிறகு அவரும் ஒரு இழுவை இழுத்துத்தான் போனார்.

முதல் ஓட்டம் புத்தளத்தில், உப்பளங்களின் வரம்பு நெடுக. வெயிலில் தரை கல்லாக இறுகியிருந்தது. சரீப் முதலாவது, யாக்கோபு இரண்டாவது. திரும்பி வருகிற லொறியில் சரீப் பாட்டுப் பாடினான். யாக்கோபு தட்டியில் பெருவிரலால் தட்டிக்கொண்டே வந்தான், பாட்டுக்குப் பொருந்தாத தாளம்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் சிலாபம். தென்னந்தோட்டத்தில் தொடங்கிக் கடற்கரையில் முடியும் பாதை. தோட்டத்துக்குள் சரீப் ஐம்பது பாகம் முன்னால் போய்விட்டான். மணலில் யாக்கோபு அவனை விழுங்கினான். யாக்கோபு முதலாவது, சரீப் இரண்டாவது. சாள்ஸை நாய் துரத்தியதால் அவன் வாழ்நாளில் ஓடாத வேகம் ஓடி நாலாவதாக வந்தான். அணி முன்னுக்கு வந்துவிட்டது. கேடயத்தை வைக்க அதிபர் அலுமாரியில் இடம் ஒதுக்கச் சொல்லிவிட்டார்.

ஆளுக்கு ஒரு முதலிடம், ஆளுக்கு ஒரு இரண்டாமிடம். இனி கடைசி ஓட்டம்தான் தீர்க்க வேண்டும். பாதை: தலவில்லுக் கோயில் வெளியிலிருந்து ஈர மணல் நெடுக, ஆலங்குடா வரைக்கும். முழுக்க மணல்! பாதையை அறிவித்த அன்று சரீப் பாணைப் பிய்த்து யாக்கோபிடம் பெரிய துண்டை நீட்டினான்.

“தின்னுடா. கொழும்புக்குப் போறவன் நல்லாத் தின்னணும்.”

அவன் சிரிக்கவில்லை.

ஓட்டத்துக்கு முந்திய நாள் மாலை. அன்ரனிப்பிள்ளை கடலைப் பார்த்துவிட்டு வேகமாக வீட்டுக்குள் வந்தார்.

“பிரான்சிஸ்கா, விடிய வெள்ளாப்போட வலை வளைக்கிறம். கற்பாருக்கு இந்தப் பக்கம் கீரிமீன் கறுத்துப் போய் நிக்குது.”

“நாளைக்கு ஓட்டமல்லோ? கரையை விடச் சொல்லி மாஸ்ரர் வந்து கேட்டவர். நீங்களும் ஓமெண்டனீங்க,” என்றாள் அம்மா.

“மாஸ்ரருக்கு ஓமெண்டன். மீனுக்கு ஆர் சொல்லுறது, நீயா?”

யாக்கோபு வெளியே வந்தான். ஆலங்குடாவில்தான் ஓட்டம் முடிகிறது. வலை வளைத்தால் முடிவுக் கொடிக்குச் சற்று முன்னால் கயிறு குறுக்கே ஏறும். மாஸ்ரரிடம் சொன்னால் பாதையை மாற்றிவிடுவார். வேறு பாதை என்றால் உள்ளே போகும் கப்பி ரோட்டுத்தான். இறுகிய ரோட்டு. சரீபின் ரோட்டு!

சொல்லாவிட்டால்? விடியலில் வளைத்த வலையின் கயிறு ஏற நேரமெடுக்கும், அதற்குள் ஓடி முடித்துவிடலாம். முடிக்காவிட்டால்?

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கற்பிட்டிக்கு மிதித்தான். மாஸ்ரரின் வாசலில் நின்றான். மாஸ்ரர் நாளைய கொடிகளைத் தடிகளில் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்னடா?”

யாக்கோபு வாயைத் திறந்தான். கொழும்பு தொண்டையில் வந்து குறுக்கே நின்றது.

“நாளைக்கு லொறி எத்தனை மணிக்கு சேர்?”

“இதைக் கேக்கவா ஆலங்குடாவிலயிருந்து மிதிச்சு வந்தாய்? ஆறு மணி. போய்ப் படு!”

திரும்பும்போது ஒழுங்கை முனையில் சரீப் வந்துகொண்டிருந்தான். அவனும் மாஸ்ரர் வீட்டுப் பக்கம்தான்.

“என்ன மச்சான் இந்தப் பக்கம்?”

“லொறி நேரம் கேக்க வந்தன்.”

“நானும் அதுக்குத்தான்,” என்றான் சரீப். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

மறுநாள் காலை விசில் ஊதியது. பதினைந்து பேர் ஒரு கூட்டமாகப் புறப்பட்டார்கள். மூன்று மைல் தாண்டுவதற்குள் கூட்டம் நூலாக நீண்டுவிட்டது. நூலின் நுனியில் யாக்கோபு. அவனுக்குப் பின்னால் ஒரு மூச்சு, அது சரீபுடையது. எவ்வளவு விரட்டினாலும் அந்த மூச்சு கழலவில்லை. மணலில் இவன் இப்படி ஓடுவானா? இந்தப் பாதகன் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறான்!

அவர்களுக்குப் பின்னால் சிலாபத்துப் பையன்கள் இரண்டு பேர், அவர்களை ஒட்டி சாள்ஸும் மற்ற இருவரும். இப்படியே முடிந்தால் கேடயமும் கற்பிட்டிக்குத்தான்.

கடைசி வளைவு. யாக்கோபுக்கு முதலில் கேட்டது அம்பாப் பாட்டு.

பிறகு கயிறு தெரிந்தது. ஈரம் சொட்ட, முழங்காலுக்கு மேல் விறைத்து, கடலுக்கும் கரைக்குமாகக் குறுக்கே நின்றது. அதற்கு அப்பால் கல்லெறி தூரத்தில் முடிவுக் கொடி. கொடியடியில் கொழும்பிலிருந்து வந்த நேரம் பிடிக்கிற துரை கதிரையில் சாவகாசமாக இருந்தார். கயிறுதானே, பையன்கள் தாண்டுவார்கள் என்று நினைத்திருப்பார். சுற்றிப் போகவும் வழியில்லை. மாஸ்ரரின் கொடிகளுக்கு வெளியே கால் வைத்தால் பெயர் வெட்டு.

கயிற்றின் தலைப்பில், அலை கால் நனைக்கிற இடத்தில், அன்ரனிப்பிள்ளை நின்றார். மகனைக் கண்டதும் அவர் முகம் விரிந்தது.

“பிள்ளை வாறான்! ஒரு இழுவை குடுக்கட்டும், தூக்கி விடுங்கடா!”

ஒரு இழுவைதான். நாலைந்து மூச்சு நேரம். பின்னால் வருகிறவன் அந்த நேரத்தில் ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் போதும், கொழும்பு போய்விடும். மீன்காரன் மகன்தானே தவிர மீன்பிடிகாரன் மகனில்லையே, அவன் பாய்வான். கட்டாயம் பாய்வான்.

யாக்கோபின் கை கயிற்றை நோக்கி நீண்டது. பிறந்ததிலிருந்து பழகிய கை.

கால் கேட்கவில்லை. தாண்டிவிட்டது.

பாட்டு நின்றது. பதினைந்து வாயும் ஒரே நேரத்தில் மூடியது அவனுக்கு முதுகில் கேட்டது. முன்பு மாஸ்ரருக்குப் போட்ட சத்தத்தை இவனுக்கு யாரும் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஓடினான், கொடியைக் கடந்தான், துரை மணிக்கூட்டை அமர்த்தினார்.

இப்போது சரீப் வந்து மோதுவான் என்று யாக்கோபு திரும்பிப் பார்த்தான்.

சரீப் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்!

குதிக்கால் மணலில் புதைய, மறுபடி தொடங்கிய பாட்டோடு சேர்ந்து முழு இழுவை. சிலாபத்துப் பையன்கள் இருவரும் தென்னந்தோட்டத்துப் பிள்ளைகள், அவர்களுக்கு என்ன தெரியும்? முயல் மாதிரித் துள்ளித் தாண்டி வந்தார்கள். அவர்களுடைய மூன்றாமவனும் தாண்டினான், நாலாமவனும் தாண்டினான். கற்பிட்டியின் மற்ற மூன்று பேரும் சரீபுக்குப் பின்னால் வரிசையாகக் கயிற்றில் தொங்கினார்கள். இழுத்து முடித்துக் குனிந்து அவர்கள் வந்தபோது கேடயம் சிலாபத்துக்குப் போய்விட்டிருந்தது.

“மடையன்களே! மடைச் சாம்பிராணிகளே!” மாஸ்ரர் சைக்கிளை மணலில் போட்டுவிட்டுக் குதித்தார். “ஓட்டத்துக்கு நடுவிலயும் இழுவையா? யாக்கோபு ஒருத்தனுக்குத்தான் மூளை இருக்கு!”

சாள்ஸ் பகிடி விடாத முதல் நாள் அதுதான்.

மடி கரையேறியது. மீன் போகவில்லை. வெள்ளிக்காசு கொட்டினாற்போலக் கீரிமீன் துள்ளியது. “கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் கை வைச்சாங்கள், அதான்,” என்று இழுத்தவர்கள் பேசிக்கொண்டார்கள். தாண்டியவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. யாக்கோபு அப்பாவின் பக்கத்தில் போய் நின்றான். அன்ரனிப்பிள்ளை மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“சிலாபத்துப் பிள்ளைகள் தெரியாமத் தாண்டினதுகள்.”

“அப்பா…”

“எண்டைக்குக் கொழும்புக்கு?”

“திங்கக்கிழமை.”

“போ,” என்றார். அவ்வளவுதான். கோபமும் இல்லை, ஆசீர்வாதமும் இல்லை. அண்ணன்மாரை மீன் அள்ளக் கூப்பிட்டார், அவனைக் கூப்பிடவில்லை.

துரை அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். மாஸ்ரர் கையைக் குலுக்கினார். அவனால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. லொறிக்குப் பின்னால் போனான். அங்கே சரீப் தனியாகக் குந்தியிருந்தான். உள்ளங்கையில் கயிறு அறுத்த சிவப்புக் கோடு.

“நீ ஏண்டா பாயல்ல?” என்றான் யாக்கோபு. கேள்வி சண்டை மாதிரி வந்தது.

“பாயத்தான் வந்தேன். கை போய்ப் பிடிச்சிட்டு. அந்த மீனெல்லாம் எங்கட வாடிக்கு வாற மீன். நான் பாஞ்சு மீன் போச்செண்டா வாப்பாட முகத்துல முழிக்கேலுமா?” சரீப் காறித் துப்பினான். “நீ நிண்டு இழுப்பாய், அந்த நேரத்துல நான் பாயலாம் எண்டுதான் நம்பி இருந்தேன். சம்மாட்டிட மகன் தாண்டுவான் எண்டு தெரிஞ்சிருந்தா நேத்தே சேர்ட்டச் சொல்லியிருப்பேன்.”

“என்னத்தை?”

“வலையை.”

யாக்கோபின் கால்கள் நின்றன.

“உனக்கு நேத்தே தெரியுமா?”

“உங்கட வாப்பா மீனைக் கண்டா எங்கட வாடிக்குத்தானே முதல் ஆள் அனுப்புவார்? சொல்லத்தான் வந்தேன். ஒழுங்கை முனையில நீ வந்தாய். நீ சொல்லாமத் திரும்புறாய் எண்டு மூஞ்சியிலயே தெரிஞ்சிச்சு. பிறகு நான் ஏன் சொல்லணும்? லொறி எத்தனை மணிக்கெண்டு கேட்டுட்டு வந்துட்டேன்.”

லொறிக்கு முன்பக்கத்தில் மாஸ்ரர் இன்னும் சாள்ஸைத் திட்டிக்கொண்டிருந்தார். குற்றமில்லாத மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். யாக்கோபு அந்தப் பக்கம் ஓரடி வைத்தான். சரீப் அவன் காற்சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“எங்க போறாய்?”

“சேர்ட்ட…”

“சொன்னா ரெண்டு பேர்ட பேரும் வெட்டு. கேடயமும் இல்ல, கொழும்பும் இல்ல. சிலாபத்தான் போவான். அதுக்கா ஊரெல்லாம் பாக்கத் தாண்டினாய்?”

யாக்கோபு நின்றான். பெருவிரல் மணலைக் கிளறத் தொடங்கியது.

சரீப் எழுந்து புழுதியைத் தட்டினான். “போய் ஓடு. கொழும்புல ஒழுங்கா ஓடு. தோத்துட்டு பஸ்ஸில வந்து இறங்கினாய் எண்டு வை, அண்டைக்கே நான் சேர்ட்டப் போய் எல்லாத்தையும் சொல்லுவேன். என்ட பேரையும் சேர்த்துத்தான்.”

“சொல்லுவியா?”

“அல்லாஹ் மேல ஆணையாச் சொல்லுவேன்.”

மாஸ்ரர் விசிலை ஊதினார். எல்லோரும் லொறியில் ஏறினார்கள். யாக்கோபு ஏறவில்லை. “நான் ஓடியே வாறன் சேர், திங்கக்கிழமைக்குப் பழக்கம்,” என்று கத்திவிட்டு, மற்றவர்கள் முகத்தைப் பார்க்காமல், கற்பிட்டிக்குப் போகும் கப்பி ரோட்டில் இறங்கினான். கொழும்பில் ரோட்டெல்லாம் இறுகின ரோட்டாம். கால் நொந்தது. லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனது. அவன் வேகத்தைக் கூட்டினான்.