ஒரு செம்பு தண்ணீர்

எனக்கு இருப்புக் கொள்ளாது. அது பிறவிக் குணம். பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க "கொஞ்சம் பொறுங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்வதுதான் என் வேலை. கன்னம் வீங்கி வந்தவர்கள்கூட நான் சொன்னால் பொறுக்கிறார்கள். ஆனால் வீட்டில் பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. "குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் சுத்துற?" என்பார் என் கணவர். அவருக்கென்ன, வீடு தீப்பிடித்தாலும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டுதான் இறங்குவார்.

அந்த வாரம் நான் சுற்றியதற்குக் காரணம், எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் இருந்த உரத்தொட்டி. அது நாறியது.

தொட்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் குப்பையெல்லாம் ஊர் எல்லையில் ஒரு மேடாகக் குவிந்து கிடக்கிறது. வெயில் ஏறினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். புகை நேராக எங்கள் சன்னலுக்கு வரும், அதன் பின்னாலேயே என் மகளுக்கு இழுப்பு வரும். ஒருமுறை மருந்துப்புகை போகும் முகமூடியைத் தூக்கிவிட்டு அவள் கேட்டாள்: "அம்மா, நம்ம வீட்டு வாழைப்பழத் தோலும் அங்கதான் எரியுதா?"

எனக்குச் சுரீரென்றது. அன்று மாலையே மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டினேன். காய்த்தோலையும் டீத்தூளையும் லாரிக்குக் கொடுக்காமல் நாமே கீழே மக்க வைப்போம் என்றேன். என்னை வெளியே அனுப்பினால் போதும் என்றுதான் பலர் தலையாட்டினார்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கு இரண்டு மாடி மேலே இருக்கும் என் அண்ணன் மட்டும் ஆட்டவில்லை. அவன் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அந்த இடத்தில் வண்டி நிறுத்தலாம் என்று அவனுக்கு வெகுநாள் கணக்கு.

"நடைமுறைக்கு ஒத்துவராது" என்றான் கூட்டத்தில். இது அவன் தாலாட்டிலேயே கேட்டு வளர்ந்த வாசகம் போலிருக்கிறது.

"மூணு மாசம் குடு. நாத்தம் வந்தா நானே சிமெண்டு கலந்து மூடறேன்."

"எழுதிக்கவா?"

"எழுதிக்கோ!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எங்கள் குடும்பச் சொத்து. அதில் பெரிய பங்கு எனக்கு.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கழிவைக் கொட்டியதும் மேலே காய்ந்த இலை தூவ வேண்டும் என்று வீட்டுக்கு வீடு பாடம் எடுத்தேன். மூடியில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "மேலே காய்ந்திருந்தால் ஒரு செம்பு தண்ணீர் தெளிக்கவும்." பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்து, "உங்களுக்கு நல்லா வந்தா நாங்களும் கட்டறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கனவில் தெருவெல்லாம் தொட்டி கட்டினேன்.

மூன்றாவது மாதம் பிறந்ததும் நாற்றமும் பிறந்தது. சாக்கடை நாற்றம். ஞாயிறு மாலை கூட்டம். தொட்டியை மூடுவதா வேண்டாமா என்று அங்கே முடிவாகும். அந்த நினைப்பிலேயே மருத்துவமனையில் ஒருவரின் பெயரைச் சொல்லி இன்னொருவரை உள்ளே அனுப்பிவிட்டேன். நல்லவேளை, அவருடைய நல்ல பல் தப்பியது.

"யாரோ மீன் முள்ளும் எலும்பும் போடறாங்க" என்றேன் கணவரிடம்.

"யாரு?"

"வேற யாரு? வண்டி நிறுத்த இடம் வேணும்னு அலையறவன்தான்."

"உன் அண்ணன் உன்னை மாதிரிதான். கத்துவான், கெடுக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். எனக்குத் தூக்கம் போயே போனது.

ஞாயிறு விடியும்போது தண்ணீர் மோட்டார் அறையின் பின்னால் ஒளிந்து நின்றேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் கூட்டத்தில் அவன் வாய் திறக்க முடியாது.

முதலில் வந்தது முதல் மாடிக் கணக்கு டீச்சர். மூடியைத் திறந்து பார்த்து, "ஐயோ, காஞ்சு போச்சே" என்று ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் செருப்புச் சத்தம் அடங்குவதற்குள் டாக்ஸி டிரைவர் வந்தார். கார் கழுவி மிஞ்சிய அரை வாளியை அப்படியே கவிழ்த்தார். "குடிடா ராசா" என்று தொட்டியைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு மேல்மாடிப் புதுத் தம்பதி வந்தார்கள். ஒரே பாட்டிலை இரண்டு பேர் பிடித்து ஊற்றினார்கள். அவர்களுக்கு எல்லாவற்றையும் இரண்டு பேராகத்தான் செய்ய வேண்டும்.

எனக்கு உள்ளுக்குள் என்னவோ உறுத்த ஆரம்பித்தது. வேலைக்குப் போகும்போது நான் ஒரு செம்பு ஊற்றுகிறேன். வந்ததும் ஒரு செம்பு. யோசித்து முடிப்பதற்குள் அண்ணன் வந்துவிட்டான். நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தான். கையில் ஒரு நீலக் கேன். நான் பாய்ந்தேன்.

"மாட்டினியா! என்ன ஊத்துற? ஃபினாயிலா?"

கேன் மூடி அவன் கையிலிருந்து விழுந்து உருண்டது. "தண்ணிடி!"

"தண்ணியா? நீ எதுக்கு ஊத்தணும்?"

"காஞ்சிருந்துச்சு. நீதானே எழுதி ஒட்டியிருக்க."

"மூடணும்னு குதிச்சவன் நீ."

"குதிச்சேன்." அவன் கேனைப் பார்த்துக்கொண்டே பேசினான். "குழந்தை இழுக்கிறது ரெண்டு மாடிக்கு மேல கேக்குது. உங்க அண்ணி காதைப் பொத்திக்கறா. நான் மட்டும் என்ன கல்லா? இது செத்துடக் கூடாதேன்னு தினம் வந்து ஊத்தறேன்."

முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் கையை விட்டேன். மேலே மொறுமொறுவென்று இலை. அதற்குக் கீழே முழுச் சேறு. கையை எடுத்தபோது கறுப்புத் தண்ணீர் சொட்டியது. தினமும் புது இலையைத் தூவச் சொன்னவள் நான். மேலே காய்ந்திருந்தால் ஊற்றச் சொன்னவளும் நான். மேலே என்றைக்குத்தான் காயாமல் இருக்கும்? ஒருவர் ஊற்றியது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லோரும் சேர்ந்து அக்கறையாக மூழ்கடித்திருக்கிறோம்.

அண்ணன் என் கையைப் பார்த்தான், கேனைப் பார்த்தான். "நாத்தம் நாத்தம்தான். எழுதினது எழுதினதுதான்" என்று முணுமுணுத்துவிட்டு மேலே போய்விட்டான். கூட்டத்தில் என்ன சொல்லப் போகிறான் என்று பிடிபடவில்லை. அன்று பகல் முழுக்க நான் மாடிப்படியை ஏறி இறங்கியே தேய்த்தேன்.

மாலை வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூடினோம். பாதிப் பேர் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார்கள். அண்ணன் எழுந்து தாளைப் பிரித்தான். "உரத்தொட்டியை மூடுவது பற்றி. ஒத்துக்கறவங்க கை…"

"அதுக்கு முன்னாடி என் கேள்வி ஒண்ணு" என்று எழுந்தேன். "தொட்டிக்குத் தண்ணி ஊத்தினவங்க எல்லாரும் கை தூக்குங்க. நான் ரெண்டு வேளை ஊத்தினேன்." என் கையை உயர்த்தினேன்.

டீச்சர் மெல்லத் தூக்கினார். டிரைவர் தூக்கினார். தம்பதி தூக்கினார்கள், ஆளுக்கொரு கை. பின்வரிசையிலிருந்து கைகள் எழுந்தன. திரும்பிப் பார்த்தால் என் கணவரும் தூக்கியிருந்தார்.

"நீங்களுமா?"

"ஆபீஸ் போறப்போ. சும்மா ஒரு பாட்டில்."

நாற்றம் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் புரிந்து சிரிப்பு கிளம்பியது. நின்றுகொண்டிருந்த அண்ணன் தாளோடு சேர்த்துக் கையைத் தூக்கினான். "செயலாளரும்தான்" என்றான். அதற்குமேல் மூடுவதற்குத் தூக்க அங்கே கை மிச்சமில்லை.

முடிவையும் அவனே சொன்னான். மரத்தூள் போட்டுக் கிளறி, ஒரு மாதம் அப்படியே விட வேண்டும். யாரும் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. "முக்கியமா என் தங்கச்சி அந்தப் பக்கமே வரக் கூடாது." இதற்குத்தான் பலத்த கைதட்டல்.

"சிமெண்டு?" என்றேன்.

"அப்பவும் நாறினா நீ கலக்கு. மணல் நான் சலிச்சுத் தரேன்."

ஆனால் அந்த ஒரு மாதமும் எங்கள் காய்த்தோல் பழையபடி லாரியில்தான் ஏற வேண்டும். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டுமாம். பழமொழி சொன்னவர் வீட்டில் யாருக்கும் இழுப்பு இருந்திருக்காது.

அடுத்த வாரமே குப்பை மேடு பற்றிக்கொண்டது. சன்னலைச் சாத்தப் போனபோது கீழே அண்ணனைப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூடியைத் தொடப் போனான், கையை இழுத்துக்கொண்டான். புகை அவனுக்கும் எட்டியிருக்க வேண்டும். நிமிர்ந்து எங்கள் சன்னலைப் பார்த்தான்.

மகள் கட்டிலில் முகமூடியோடு உட்கார்ந்திருந்தாள். "இந்த மாசமும் நம்ம தோல் அங்கதானா, அம்மா?"

"கொஞ்சம் பொறுடா கண்ணு" என்றேன். தினமும் எத்தனையோ பேரிடம் சொல்லும் வார்த்தை. வலியில் இருப்பவரிடம் சொல்ல எவ்வளவு கொடுமையான வார்த்தை அது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

கதவு தட்டாமலே அண்ணன் உள்ளே வந்தான், மாடி ஏறிய மூச்சிரைப்போடு.

"உக்காரு" என்றேன்.

"நீ உக்காரு" என்றான்.

அவள் மூச்சு சீராகும்வரை இரண்டு பேரும் உட்காரவில்லை.