நாற்பத்து மூன்று சொற்கள்

2019 ஜூன் மூன்றாம் தேதி காலை ஆறே முக்காலுக்கு, ஜீவனஹள்ளி நான்காம் குறுக்குத் தெருவில், கோதண்டராமன் தன் மகள் பிரபாவிடம் உஸ்பெக் மொழியில் வெந்நீர் கேட்டார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி கோமளம், அதே மகளிடம், செர்பிய மொழியில் காஸ் தீர்ந்துவிட்டது என்றாள். அன்று கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நாள் இல்லை. வானம் சாதாரணமாக இருந்தது. ஒன்பது மணிக்குள் இருவருக்கும் தமிழும் கன்னடமும் காதில் விழுந்தும் புரியாமல் போயின. தொண்டை மருத்துவர் இருவர் வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்து, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்.

என்ன மொழி என்று கண்டுபிடித்தது பிரபாதான். வாஷிங் மெஷின், மிக்ஸியோடு வரும் கையேடுகளை இருபத்தாறு மொழிகளில் பக்கம் பக்கமாக அடுக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மொழி எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஒரு மொழியின் மூன்றாம் பத்திக்கு எதிரே இன்னொன்றின் மூன்றாம் பத்தி நின்றால் போதும். அப்பா பேசியதை எழுதிப் பார்த்தபோது, பதினொன்றாம் பக்கத்தில் அடிக்கடி கண்ட எழுத்துகள் வந்தன. அம்மாவினுடையது பத்தொன்பதாம் பக்கம்.

தெருவில் யாரும் பெரிதாக அதிரவில்லை. கோதண்டராமனும் கோமளமும் நேருக்கு நேர் பேசி அப்போதே இருபத்தோரு வருடம் ஆகியிருந்தது. காரணம் இருவருக்கும் வேறு வேறாக நினைவிருந்தது. 1998 முதல் எல்லாம் பிரபா வழியாகத்தான். "உங்கப்பாகிட்ட சொல்லு, ரேஷன் கார்டு எங்கேன்னு." "உங்கம்மாகிட்ட சொல்லு, நான் ஒண்ணும் அவ வேலைக்காரன் இல்ல." மூன்றடி தூரத்தில் இருவரும் உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று ஒன்பது வயதுப் பெண் இரண்டாவதை, "அப்பா தேடிப் பாக்கறேன்னு சொல்றார்" என்று மாற்றிச் சொல்லக் கற்றுக்கொண்டாள். எதிர்வீட்டு உஷா ஜூன் மாதம் முழுவதும் சொன்ன ஒரே வார்த்தை இதுதான்: "அவங்க முன்னாடி மட்டும் ஒரே பாஷையா பேசிட்டிருந்தாங்க? விடும்மா."

விடுவதற்குத்தான் பிரபா புறப்பட்டுக்கொண்டிருந்தாள். ஜூன் பதினாலில் புனே கிளையில் சேர வேண்டும். அதே அலுவலகத்து லாயிட் முன்னாலேயே போய் வீடு பார்த்துவிட்டான். பதிவுத் திருமணத்துக்கு மனுவும் கொடுத்தாயிற்று. அவள் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, இரண்டு கையேடுகளையும் வீட்டுக்கு எடுத்து வந்து படிக்க ஆரம்பித்தாள். முதல் மாதங்களில் அப்பாவிடம், "கதவு மூடப்பட்ட பின் மூன்று நிமிடம் காத்திருக்கவும்" என்றாள். அம்மாவிடம், "ஈரக் கைகளால் தொடாதீர்" என்றாள். இரண்டுமே அந்த வீட்டுக்குப் பொருந்தின.

ஒன்றரை வருடத்தில் இரண்டும் வசப்பட்டன. கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் உஸ்பெக், வலப்பக்கம் செர்பியன். உஸ்பெக்கில் வினை தமிழ் போலக் கடைசியில் வந்தது. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல். அப்பா தன் மனைவியையும் ஃபிரிட்ஜையும் ஒரே சொல்லால் திட்டினார். செர்பியனில் மேசை ஆண், நாற்காலி பெண். அம்மாவின் பேச்சில் வீட்டுச் சாமான்கூட இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. இவ்வளவு தள்ளி நின்ற இரண்டு மொழிகளுக்கு நடுவே, எந்தக் காலத்திலோ துருக்கியர் போன வழியில் உதிர்ந்த சில சொற்கள் பொதுவாகக் கிடந்தன. சோப்புக்கு அங்கே சோவுன், இங்கே சாபுன். தலையணைக்கு யோஸ்திக், யாஸ்துக். தேநீர், சர்க்கரை, பை, கடிகாரம், சிறுநீரகம். தேடத் தேடக் கிடைத்தன. பிரபா அவற்றை எண்ணினாள். நாற்பத்து மூன்று. ஒரு வீட்டை ஓட்ட நாற்பத்து மூன்று சொல் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"டூ இயர்ஸ் ஆச்சு பிரபா," என்றான் லாயிட் போனில். "உங்க வீட்ல அவங்க ரெண்டு பேர் இருக்காங்க. எங்க வீட்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"வெள்ளிக்கிழமை வந்துடறேன்."

2021 ஆகஸ்டில் பட்டியலை ஒரு சார்ட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இந்தச் சொற்களை நீங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம், புரியும், நான் போகிறேன் என்று இரண்டு மொழியிலும் சொன்னாள். இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒருவர் போன பிறகு ஒருவராக வந்து, மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். மறுநாள் காலை கோதண்டராமன் தேநீர் என்று கேட்கவில்லை. இலை போட்ட வெந்நீர் என்றார். கோமளம் சோப்பு என்ற சொல்லை விட்டாள், இரண்டு நாளில் சோப்பையே விட்டுக் கடலைமாவுக்குப் போனாள். சர்க்கரை போயிற்று. தலையணை இல்லாமல் படுத்தார்கள். கடிகாரம் நின்றபோது பேட்டரி மாற்றச் சொல்ல யாரும் இல்லை. தன் வாயிலிருந்து போவது மற்றவர் காதில் நேராக விழுந்துவிடக் கூடாதென்று, வியாழனுக்குள் நாற்பத்திரண்டு சொற்களையும் இருவரும் கைவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பிரபா பெட்டியோடு வாசலில் நின்றபோது மீதியிருந்த ஒன்றை அப்பா சொன்னார், அம்மாவின் முகத்தைப் பார்த்து: "துஷ்மன்."

அம்மாவும் அதையே திருப்பிச் சொன்னாள். இருபத்துமூன்று வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசியது அவ்வளவுதான். தெருவில் போன, தக்னி உருது பேசும் பழவண்டிக்காரருக்குக்கூடப் புரிந்தது. எதிரி. பிரபா பெட்டியை உள்ளே வைத்தாள். லாயிட் மறு வருடம் சௌம்யா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான், நல்ல பெண்.

2022 கடைசியில் கோதண்டராமன் இடுப்பு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். பிரபா தைலம் தேய்த்தாள். இடுப்பா, முதுகா, வேறெங்காவதா என்று கேட்டாள். அவருக்கு இடம் தெரிந்திருந்தது. அந்த உறுப்பின் பெயர் சார்ட்டில் பத்தொன்பதாவதாக இருந்தது. கோமளம் மூன்றடி தள்ளிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் இடுப்பு என்றே ஐந்து மாதம் சொன்னார். மருத்துவமனையில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதென்றார்கள். பதினோரு நாள் இருந்தார். எரித்துவிட்டு வந்து பிரபா சார்ட்டைக் கிழித்தாள். பின்பக்கப் பசை ஃபிரிட்ஜிலேயே நின்றுவிட்டது.

பதினான்காம் நாள் மத்தியானம், சாப்பிட உட்கார்ந்த கோமளம் நிமிராமல், செர்பியனில், "உங்கப்பாகிட்ட கேளு, ரசம் எப்படி இருக்குன்னு" என்றாள். பிரபா அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காலி நாற்காலியைப் பார்த்து உஸ்பெக்கில் கேட்டாள். நாற்காலியிலிருந்து பதில் வந்தது, வழக்கமான குரலில், உஸ்பெக்கில்: கழுவின தண்ணீர் இதைவிட மேல், இவள் கையால் சாப்பிட்டே நான் செத்தேன்.

இப்போது 2025. மீட்டர் பார்க்க வருபவர், உள்ளே யார் பேசுவது என்று முதல் முறை மட்டும் கேட்டார். சிலிண்டர் போட வருபவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார். உஷா, "உங்கப்பாவுக்கு இன்னைக்குக் கோபம் ஜாஸ்தி போல" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போவாள். பிரபாவுக்கு முப்பத்தாறு வயது. அலுவலகக் கையேட்டு வேலையை வீட்டிலிருந்தே செய்கிறாள். மத்தியானம் ஒன்றரைக்கு நடுவில் வந்து நிற்கிறாள்.

"என்ன சொல்றார்?" என்பாள் கோமளம்.

"நல்லா இருக்குன்னு சொல்றார்மா."