எந்தப் பக்கத்து வலது

என் அலையைத் திருடினது வெளி ஆள் இல்லை, என் தங்கச்சி புருஷன். வெளி ஆளா இருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவன் மாப்பிள்ளையாச்சே! "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை"ன்னுதான் சொல்லணும். மனசுக்குள்ள நான் சொல்றது வேற, அதை இங்க எழுத முடியாது.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, ஆறு கடல்ல சேர்ற ஒரு இடத்துக்குப் பின்னால, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு அலையைக் கண்டுபிடிச்சேன். மேப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போய்க் கண்டுபிடிச்சது. மூணு வருஷம் அங்க நானும் என் சர்ஃப் பலகையும் மட்டும்தான். வாய் சும்மா இருக்குதா? தங்கச்சிகிட்ட மட்டும் இடத்தைச் சொன்னேன். ஒரு நாள் பார்த்தா மாப்பிள்ளை அங்க நின்னு வீடியோ போட்டிருக்கான், "நாங்க கண்டுபிடிச்ச அலை"ன்னு. நாங்களாம்! ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! அவனுக்குப் பட்டப்பேரு மீசை. இப்போ என் அலைக்கு மீசை பாயிண்ட்டுன்னு பேரு, வாரக்கடைசியில அறுபது பேரு அங்க மிதக்கிறாங்க. போன தடவை நான் போனப்போ ஒரு பொண்ணு, "ஆன்ட்டி, வரிசையில வாங்க"ன்னு சொல்லிட்டா. என் அலையில எனக்கே வரிசை. இவனைச் சும்மா விடுறதில்லைன்னு அன்னைக்கே முடிவு பண்ணேன்.

பழி வாங்க எனக்குக் கத்தி கபடா எதுவும் தேவைப்படலை. ஒரு வார்த்தை போதுமா இருந்துது.

நான் பல் கட்டுற லேப்ல வேலை பார்க்கிறேன். டாக்டருங்க வாய் அளவு எடுத்து அனுப்புவாங்க, நான் மெழுகுல செதுக்கிப் பல்லு பண்ணுவேன். அந்த வேலையில முதல் பாடமே இடமும் வலமும்தான். வலதுன்னு சீட்டுல எழுதியிருந்தா அது நோயாளியோட வலது, எதிர்ல இருந்து பார்க்கிற நமக்கு இடது. சேர்ந்த புதுசுல நான் மாத்திப் பண்ணி, ஓனர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். கடல்லயும் அதே கதைதான். சர்ஃப் பண்றவங்க தண்ணிக்குள்ள இருந்து கரையைப் பார்த்துத்தான் இடம் வலம் சொல்லுவோம். மணல்ல நிக்கிறவனுக்கு அது அப்படியே தலைகீழ். மாப்பிள்ளைக்கு இது இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வீடியோவுல மணல்ல நின்னு கையை நீட்டி, வலதை இடதும்பான், இடதை வலதும்பான். நான் ஒரு தடவையும் திருத்தினதில்லை. அவன் பத்தாயிரம் பேருக்கு முன்னாடி உளர்றதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதனால ஒரு புதுக் கரையைத் தேடினேன். நான் கால் வைக்காத ஊர், பஸ்ஸுல பதினோரு மணி நேரம். நாலு மாசம் உக்காந்து திட்டம் போட்டேன். எந்தக் காத்துக்கு அலை நல்லா எழும்பும், தண்ணி எப்போ ஏறும், எப்போ வத்தும், பலகையை பஸ் மேல எப்படிக் கட்டுறது, தங்குற அறையில அதை நிமிர்த்தி வைக்க உயரம் போதுமா, எல்லாம் ஒரு நோட்டுல எழுதினேன். அந்த ஊர்ல படகு ஓட்டுற ஒருத்தரை எப்படியோ போன்ல பிடிச்சேன். மனுஷன் தங்கம், கரையை விலாவாரியா சொன்னாரு. நடுவுல ஒரு ஓடை. ஒரு பக்கம் மணல், பட்டு மாதிரி அலை. இன்னொரு பக்கம் தண்ணிக்கு ஒரு சாண் கீழே பாறை. கரையில நின்னு பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுமாம்.

நோட்டுல கொட்டை எழுத்துல எழுதினேன்: "வலது பக்கம் மட்டும் இறங்கணும். இடது பக்கம் ஒரு சாண் கீழே பாறை." ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கடல்ல இருந்து பார்க்கிற வலது, கடல்ல இருந்து பார்க்கிற இடது. கரையில நின்னு இதைப் படிக்கிறவன் நேரா பாறையில போய் விழுவான். விழட்டும்னுதான் எழுதினேன். தோல் உரியணும், பலகை ரெண்டா உடையணும், அதுவும் லைவ்ல. செத்துத் தொலையட்டும்னு நினைக்கலை. ஆனா அதுக்கு மேல யோசிக்கவும் இல்லை.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வந்தாங்க. அடுத்த சனிக்கிழமை நான் தனியா ஒரு புது இடத்துக்குக் கிளம்புறேன், மூணு நாள் லீவு சொல்லிட்டேன்னு வேணும்னே சொன்னேன். நோட்டை என் ரூம் மேஜையில அந்தப் பக்கத்திலேயே விரிச்சு வச்சிருந்தேன். சாப்பிட்டதும் "அக்கா, சார்ஜர் எங்கக்கா?"ன்னு தேன் ஒழுகக் கேட்டுக்கிட்டே மாப்பிள்ளை ரூமுக்குள்ள போனான். தங்கச்சியும் பின்னாலேயே போனா. அவங்க கிளம்பினதும் போய்ப் பார்த்தேன், நோட்டு மூடியிருந்துது. பழம் நழுவிப் பால்ல விழுந்துடுச்சுன்னு அன்னைக்கு முழுக்கப் பாட்டு பாடிக்கிட்டே பாத்திரம் தேய்ச்சேன்.

எனக்கு முன்னாடி போய்க் கொடி நடணும்ல? வெள்ளிக்கிழமை காலையில பத்தரைக்கு மாப்பிள்ளை லைவ்ல வந்துட்டான். நான் லேப்ல ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக்கிட்டு இருந்தேன். போனை மெழுகு டப்பாவுல சாய்ச்சு வச்சுப் பார்த்தேன். அதே ஓடை, அதே ரெண்டு பக்கம். தண்ணி வத்துற நேரம் வேற. "இடது பக்கம் பாறை, மக்களே! நாம வலது பக்கம்"னு கையை நீட்டினான். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு சிரிப்பை அடக்கினேன்.

"இன்னைக்கு ஸ்பெஷல் என்னன்னா, இறங்கப் போறது நான் இல்லை. என் வொய்ஃப்."

கேமரா திரும்புச்சு. என் தங்கச்சி. பலகைக் கயித்தைக் கால்ல கட்டி, பலகையை இடுக்கிக்கிட்டு, வலது பக்கம் பார்த்து நடந்துக்கிட்டு இருக்கா.

கையில இருந்த பல்லு எங்க விழுந்துதுன்னே தெரியலை. மாப்பிள்ளை நம்பருக்கு அடிச்சேன். அவன் போனை எடுத்ததும் லைவ் படம் அப்படியே உறைஞ்சு நின்னுது.

"மாப்பிள்ளை, அவளை நிறுத்துங்க! அங்க பாறை!"

"பாறை அந்தப் பக்கம்ல அக்கா?"

"இல்லை, நீங்க நிக்கிற இடத்துக்கு வலதுதான் பாறை. முதல்ல அவளைக் கூப்பிடுங்க!"

அவன் கத்துறது கேட்டுது. மூணு தடவை கத்தினான். அப்புறம் மூச்சு வாங்கிக்கிட்டே, "நின்னுட்டா அக்கா, வர்றா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"ன்னான்.

"நோட்டுல நான் எழுதினது கடல்ல இருந்து பார்க்கிற வலது. நீங்க திருட்டுத்தனமாப் பார்ப்பீங்கன்னுதான் விரிச்சு வச்சேன்."

"எந்த நோட்டு? இந்த இடத்தை அவதானே மேப்புல கண்டுபிடிச்சா? அந்த மீசை பாயிண்ட்டும் அவ கண்டுபிடிச்சதுதானே அக்கா?"

அதுக்குள்ள, ஸ்பீக்கர்ல எல்லாத்தையும் கேட்ட தங்கச்சி போனைப் பிடுங்கிட்டா.

"அவரை ஏன் கேட்கிறே? நோட்டைப் படம் எடுத்தது நான். முதல் இடத்தைச் சொன்னதும் நான்."

"ஏன்டி?"

"மூணு வருஷம் கேட்டேன், என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போக்கான்னு. என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

இருந்துது. 'உனக்கெல்லாம் வராதுடி. வேணும்னா கரையில உக்காந்து என் செருப்பைப் பார்த்துக்கோ.' சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

"தனியா இருக்கிறதுலதானே உனக்கு அவ்வளவு சுகம்? அதான் அறுபது பேரை அனுப்பி வச்சேன்"னா. அழுதுக்கிட்டே சொன்னா. "நான் பண்ணது தப்புதான். ஆனா நீ? ஒரு சாண் கீழே பாறைன்னு உன் கையால எழுதியிருக்கே. அங்க தலைகீழா விழுந்தா தோல் மட்டுமா உரியும்?"

"நீ இறங்குவேன்னு எனக்குத் தெரியாதுடி. அவர்தான்..."

"அவர்னா பரவாயில்லையா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்ச கதைன்னு சொல்லுவாங்க. நான் பிடிச்சதே குரங்குதான், என்னத்தைச் சொல்ல?

"சரி, இப்பவாவது கேளு. நீ நிக்கிற இடத்துல இருந்து இடது பக்கம் போ. அங்க மணல்தான், அலை நல்லா இருக்கும். சத்தியமா."

அவ பலகையை மணல்ல போட்ட சத்தம் கேட்டுது.

"இதை நான் எப்படிக்கா நம்புறது?"

நான் அம்பது பல்லு செஞ்சு கொடுத்த டாக்டர்கூட இன்னைக்கு வரைக்கும் என்னை இப்படிக் கேட்டதில்லை. போனைக் காதுல வச்சுக்கிட்டே, கீழே விழுந்த பல்லைத் தேடி எடுத்தேன்.

"நீ கிளம்பி வா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்"னு சொன்னா. "நீ முதல்ல இறங்கு. நீ எந்தப் பக்கம் இறங்குறேன்னு பார்த்துட்டு நான் இறங்குறேன்."