மஞ்சள் தண்ணீருக்குச் சிலுப்பாத சேவல்

எங்கள் மாடியில் குடியிருக்கும் கோதண்டராமனுக்கு ஐ.டி. வேலை. கும்பகோணத்துக்காரன். வெங்காயம்கூடக் கிழமை பார்த்துத்தான் அவன் வீட்டுக்குள் நுழையும். அப்பேர்ப்பட்டவன் ஒரு நாய் வளர்க்கிறான். பெயர் மோக்கா. தயிர்சாதத்தில் வளர்ந்த அந்த நாய்க்கு என் கோழிகளைக் கண்டால் மட்டும் பிறவிக்குணம் வந்துவிடும். ஸ்ரீராம்புரத்தில் காலை நீட்டவே இடமில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலு முழத்தைக் கொல்லை என்று பேர் பண்ணி, ஆறு கோழி வைத்திருந்தேன். பொங்கலுக்குள் இரண்டு போய்விட்டன.

போனது போகட்டும். சேவல் ஒன்று இருந்தது, அதுதான் கவலை. என் வீட்டுக்காரர் கோவிந்தப்பாவுக்குப் பதினெட்டு வருஷம் தெருக் கூட்டிய பிறகு வேலை பர்மனென்ட் ஆனது. அதற்காக அவர் முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. ஆடிக்குள் கொடுக்காவிட்டால் முனீஸ்வரனே ஆபீசுக்குப் போய் ஆர்டரைக் கிழித்துப் போட்டுவிடுவார் என்று அவருக்கு நிஜமாகவே பயம். நேர்ந்த சேவலுக்கு ஓர் இறகுகூடக் குறையக் கூடாது.

“தம்பி, சேவல் மேல உங்க நாய் பல்லு பட்டுச்சின்னா, நீங்களும் நாயும் வேற வீடு பாத்துக்குங்க” என்றேன்.

மறுநாளே ஒரு வாத்தியாரைக் கூட்டி வந்தான். நாய்க்குத்தான். பெயர் ஸ்ரீஹர்ஷா, பேன்ட் முழுக்கப் பை. கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்.

“ப்ராப்ளம் நாய் இல்ல ஆன்ட்டி. சேவல் ரெக்கை அடிக்குது, அதான் நாய்க்கு மூட் வருது. ரெண்டுக்கும் சேத்து ட்ரெய்னிங் குடுக்கணும்.”

“சேவலுக்குமா?”

“சும்னிரி ஆன்ட்டி, நான் பாத்துக்கிறேன்.”

அவன் கன்னடத்தில் சொன்னபடியே சும்மா இருந்தேன். தினமும் காலையில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எதிரே சேவலை நிறுத்துவார்கள். நாய் பாய்ந்தால் அதன் மூஞ்சியில் ஸ்ப்ரே பாட்டில் தண்ணீர். சேவல் படபடத்தால் அதற்கும் தண்ணீர். ஆடாமல் நின்றால் நாய்க்குப் பனீர், சேவலுக்கு ஊறவைத்த மக்காச்சோளம். ஓசி மக்காச்சோளத்தில் சேவல் தளதளவென்று ஆனது. அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வாயைத்தான் பிறகு அடித்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் நாய் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: பாய்ந்தால் குளுகுளுவென்று தண்ணீர் கிடைக்கும். தினம் இருபது தடவை பாய்ந்தது. படித்துத் தேறியது சேவல்தான். ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் கொட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு மக்காச்சோளத்துக்குக் காத்திருந்தது.

ஆடி கடைசி ஞாயிறு. கோயிலில் சேவல் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று, அறுக்கலாம். சிலுப்பாவிட்டால் கத்தி எடுக்கக் கூடாது. அறுத்த பிறகு தலை பூசாரிக்கு.

பூசாரி மஞ்சுநாத் தெளித்தார். சேவல் கண்ணை மூடிக்கொண்டது. மறுபடி தெளித்தார். பிறகு சொம்போடு கொட்டினார். ஏழாவது சொம்புக்குச் சேவல் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவர் கையில் மக்காச்சோளம் இருக்கிறதா என்று பார்த்தது.

“இன்னா கோவிந்தப்பா, சேவலுக்கு ஜுரமா? பின்னால ஜனம் நிக்குதுப்பா.”

“இன்னும் ஒரு சொம்பு, சாமி” என்று இவர் கெஞ்சினார். அதற்கும் அசையவில்லை.

“சாமி வேணாங்குது. எடுத்துக்கினு போ.”

வழியெல்லாம் என் வீட்டுக்காரர் சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தார். ஐம்பத்தொரு வயது ஆள் நடுத்தெருவில் அழுததைப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டேன். மக்காச்சோளத்துக்கு ஆசைப்பட்டவள் நான்தானே.

கேட்டைத் திறந்தால் எதிரே மோக்கா. கயிற்றைத் தளர்த்திப் பிடித்திருந்தான் கோதண்டராமன். “சேவலைக் கீழ விடுங்க அங்கிள், இப்ப மோக்கா எவ்ளோ சமத்தா இருக்கான் பாருங்க!” என்றான். அழுகையில் இருந்த மனுஷன் கீழே விட்டுவிட்டார்.

மோக்கா பாய்ந்தது. நன்றாகப் படித்த சேவல் ஓடவில்லை. தண்ணீர் வரப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டது. கழுத்தில் பல் பட்டதும்தான், கொண்டையிலிருந்து வால்வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது பாருங்கள், மஞ்சள் தண்ணீர் எங்கள் மூன்று பேர் மேலும் தெறித்தது.

“உத்தரவு! குடுத்துட்டாருடி, தனக்கோடி!” என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

பல் பட்டது சாமிக்கு ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டேன். நாயின் வாயிலிருந்து சேவலைப் பிடுங்கி, கோயில் இருக்கும் திசை பார்த்து அங்கேயே காரியத்தை முடித்தார். கோதண்டராமன் கேட்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

மாலையில் குழம்பு கொதிக்கும்போது, எடுத்து வைத்திருந்த சேவல் தலையை வாழையிலையில் வைத்து, மாடியேறிக் கதவைத் தட்டினேன். பிழிந்துபோட்ட துணிபோல வந்து திறந்தான் கோதண்டராமன்.

“பூசாரி உள்ள இருக்காரா, தம்பி?” என்றேன்.